மீளெழுது குறுவட்டு

மீளெழுது குறுவட்டு என்பது ஒருமுறை பதிந்த தரவை அழித்துவிட்டு, அதே இடத்தில் மீண்டும் தரவைப் பதியக்கூடிய ஒளிவட்டு ஆகும். வணிக வழக்கில் இது சிடி-ஆர்டபிள்யூ எனப்படும். இதற்கான தர வரையறை 1996இல் வெளியானது. வட்டுகளும் அவற்றில் எழுதும் இயக்கிகளும் 1997இல் கடைகளுக்கு வந்தன. ஒரு வட்டில் ஏறத்தாழ 1000 முறை எழுதி அழிக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டனர்.

இவ்வட்டில் தரவு காந்தமாகவோ மின்னூட்டமாகவோ பதிவதில்லை. தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள உலோகக்கலவைப் படலம் ஒன்றில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளனவா, கலைந்து கிடக்கின்றனவா என்ற வேறுபாடே இங்கு தரவாகிறது. லேசர் எனப் பரவலாக அறியப்படும் சீரொளி அப்படலத்தில் உண்டாக்கும் வெப்பமே அணுக்களைக் கலைக்கவும் அடுக்கவும் செய்கிறது. எழுதுவதுதான் கடினம், அழிப்பது எளிது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்வட்டைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. கலைப்பதற்குச் சில நானோநொடிகள் போதும். மீண்டும் அடுக்கவே காலம் தேவை. இவ்வட்டுகளின் வேகம், விலை, ஒத்தியங்கும் தன்மை, ஆயுள் ஆகிய அனைத்தும் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

மூவகைக் குறுவட்டுகள்

தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் குறுவட்டுகள் தரவைப் பதியும் முறையால் மூவகைப்படும். இசைத்தட்டாக விற்கப்படும் வட்டில் தரவு, அச்சில் வார்க்கப்பட்ட நுண்குழிகளாக உள்ளது. அதை மாற்ற இயலாது. ஒருமுறை மட்டும் எழுதத்தக்க சிடி-ஆர் வட்டில் ஒரு கரிமச் சாயப் படலம் உள்ளது. சீரொளி பட்ட இடத்தில் சாயம் சிதைந்துவிடும். சிதைந்த சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால் அதுவும் நிலையான பதிவே. மீளெழுது வட்டில் சாயத்துக்கு மாற்றாக நிலைமாற்றப் பொருள் பயன்படுகிறது.

சிடி-ஆர் வட்டின் அடிப்பகுதி பச்சை அல்லது நீலம் கலந்த நிறத்தில் தோன்றும். மீளெழுது வட்டு மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். உறை தொலைந்த வட்டை அடையாளம் காண இந்நிற வேறுபாடு உதவும்.

படிக நிலையும் படிகமற்ற நிலையும்

சர்க்கரைப் பாகை மெதுவாகக் குளிரவிட்டால் கற்கண்டு விளைகிறது. அதே பாகைக் கொதிநிலையில் நன்கு இறுக்கி உடனே குளிரச் செய்தால் கண்ணாடி போன்ற குச்சி மிட்டாய் கிடைக்கிறது. இரண்டும் சர்க்கரையே. முதலாவதில் மூலக்கூறுகள் வரிசையாக அடுங்க நேரம் கிடைத்தது, இரண்டாவதில் கிடைக்கவில்லை. முதலாவது படிக நிலை, இரண்டாவது படிகமற்ற நிலை.

நிலைமாற்றப் பொருள்களிலும் இதுவே நிகழ்கிறது. ஆனால் சர்க்கரையிலிருந்து இவை இரு வகைகளில் வேறுபடுகின்றன. ஒன்று, இரு நிலைகளுக்கும் இடையேயான மாற்றம் மிக விரைவானது. மற்றொன்று, படிக நிலையில் இவை ஒளியை நன்கு எதிரொளிக்கின்றன. படிகமற்ற நிலையில் குறைவாகவே எதிரொளிக்கின்றன. உருக்கி உறைய வைக்கக்கூடிய பொருள்கள் எத்தனையோ உண்டு. இவ்விரு பண்புகளும் ஒருசேர அமைந்தவை மிகச் சில. அவற்றில் பெரும்பாலானவை டெலூரியம், ஆண்டிமனி ஆகிய தனிமங்களை அடிப்படையாகக் கொண்டவை.

நிலை மாறும்போது ஒளியியல் பண்பு ஏன் இவ்வளவு மாறவேண்டும் என்ற வினாவுக்கு, வட்டுகள் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெளிவான விளக்கங்கள் தோன்றின. செருமானியம்-ஆண்டிமனி-டெலூரியக் கலவையில் செருமானிய அணுவைச் சூழ்ந்த அமைப்பே மாறிவிடுகிறது என்று அலெக்சாந்தர் கொலோபோவும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் காட்டினர். படிக நிலையில் பிணைப்பு எதிர்மின்னிகள் ஓர் அணுவுக்கும் அதன் பல அண்டை அணுக்களுக்கும் இடையே பகிர்ந்து பரவியுள்ளன என்றும், ஒழுங்கு குலையும்போது அப்பரவல் அறுபடுவதே ஒளியியல் வேறுபாட்டுக்குக் காரணம் என்றும் செருமனியின் ஆகன் நகரைச் சேர்ந்த மத்தியாசு வூட்டிக் குழுவினர் 2008இல் விளக்கினர். ஒரு தொழில்நுட்பம் வீடுகளில் புழங்கத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்குப் பிறகு அதன் இயற்பியல் தெளிவடைவது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதன்று.

வட்டின் கட்டமைப்பு

வட்டின் பெரும்பகுதி 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட்டு நெகிழி. அதன் மேற்பரப்பில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுருளாக ஓடும் ஒரு காடி முன்னரே பதிக்கப்பட்டுள்ளது. எழுதும் சீரொளி வழி தவறாமல் செல்ல இக்காடி உதவுகிறது. காடி நேர்க்கோடாக ஓடாமல் இம்மியளவு நெளிந்து ஓடும். வட்டின் வகை, எழுதும் வேகம், அவ்விடத்தின் முகவரி ஆகியவை இந்நெளிவிலேயே குறிக்கப்பட்டுள்ளன. வெற்று வட்டை இட்டவுடன் அதன் கொள்ளளவையும் தயாரிப்பாளரையும் மென்பொருள் அறிந்து சொல்வது இதனாலேயே.

காடியின் மேல் நான்கு படலங்கள் வரிசையாகப் படிந்துள்ளன. முதலில் துத்தநாக சல்பைடும் சிலிக்கான் ஈராக்சைடும் கலந்த காப்புப் படலம். அடுத்து 20 நானோமீட்டர் அளவே தடிமனுள்ள நிலைமாற்றப் படலம். அதன் மேல் மீண்டும் ஒரு மெல்லிய காப்புப் படலம். இறுதியாக, ஒளியை எதிரொளிக்கும் அலுமினியக் கலவைப் படலம். இவற்றின் மேல் பாதுகாப்பு அரக்குப் பூச்சு அமைகிறது.

அலுமினியத்துக்கு இங்கு இரண்டு வேலைகள். ஒளியை எதிரொளிப்பது ஒன்று. வெப்பத்தை உறிஞ்சி விலக்குவது மற்றொன்று. அதனாலேயே அதற்கும் நிலைமாற்றப் படலத்துக்கும் இடையிலுள்ள காப்புப் படலம் மெல்லியதாக வைக்கப்படுகிறது. நெகிழியை ஒட்டியுள்ள காப்புப் படலம் தடிமனானது. உருகிய உலோகக்கலவையின் வெப்பம் நெகிழியைத் தாக்காமல் அது காக்கிறது.

ஆலையில் படலம் படியும்போது அது படிகமற்ற நிலையிலேயே அமைகிறது. எனவே வட்டைக் கடைக்கு அனுப்புமுன் அகன்ற சீரொளிக் கற்றையால் அதன் முழுப்பரப்பையும் சூடாக்கிப் படிக நிலைக்குக் கொண்டு வருவர். புதிய வெற்று வட்டு என்பது உண்மையில் முழுவதும் ஒருமுறை 'அழிக்கப்பட்ட' வட்டே.

எழுதுதல், அழித்தல், படித்தல்

மூன்று செயல்களுக்கும் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரே அகச்சிவப்புச் சீரொளியே பயன்படுகிறது. அதன் ஆற்றல் அளவு மட்டும் மாறும்.

எழுதும்போது 10 மில்லிவாட்டு அளவிலான ஆற்றல் ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள புள்ளியில் குவிகிறது. அவ்விடத்தில் வெப்பநிலை பொருளின் உருகுநிலையைக் கடக்கிறது. இது கலவையைப் பொறுத்து 500 முதல் 700 பாகை செல்சியசு வரை அமையும். சீரொளி விலகியதும் அலுமினியம் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. நொடிக்கு நூறு கோடிப் பாகைக்கும் மேற்பட்ட வீதத்தில் அவ்விடம் குளிர்கிறது. அணுக்கள் அடுங்க நேரமின்றி அப்படியே உறைகின்றன. படிகப் பரப்பின் நடுவே படிகமற்ற ஒரு குறி உருவாகிறது.

அழிக்கும்போது இதில் ஏறத்தாழப் பாதி ஆற்றல் செலுத்தப்படுகிறது. பொருள் உருகுவதில்லை. ஆனால் 200 பாகைக்கு மேல் சூடாவதால் அணுக்கள் நகரும் வலுப் பெற்றுத் தமக்குரிய இடங்களில் அடுங்குகின்றன. குறி மறைந்து மீண்டும் படிகம் உருவாகிறது.

படிக்கும்போது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைந்த ஒளியே விழுகிறது. அது படலத்தை மாற்றாது. திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்வை உணர்கருவி மின்குறிகைகளாக மாற்றுகிறது.

பழைய தரவை முதலில் அழித்து, வட்டு மறுசுற்று வந்த பின் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீரொளியின் ஆற்றல் எழுதும் அளவுக்கும் அழிக்கும் அளவுக்கும் இடையே ஏறி இறங்கியபடி செல்ல, முன்பு அங்கு என்ன இருந்தாலும் புதிய தரவு அதன் மேல் பதிந்துவிடும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நீளமான குறி ஒன்றை எழுதச் சீரொளியைத் தொடர்ந்து எரியவிட்டால், முன்பகுதி உருகும்போது வெளிப்படும் வெப்பம் சற்று முன் உறைந்த பின்பகுதியை மிதமாகச் சூடாக்கும். மிதமான சூடு என்பதே அழித்தல் அல்லவா? குறி ஒரு முனையில் உருவாக உருவாக மறுமுனையில் மறையத் தொடங்கும். எனவே இயக்கிகள் ஒரு நீள் குறியைப் பல குறுந்துடிப்புகளாகப் பிரித்து எழுதுகின்றன. தொடக்ககால வேகங்களில், குறியின் நீளம் எத்தனை அலகோ அதைவிட ஒன்று குறைவான துடிப்புகள் இடப்பட்டன. குறுவட்டில் மிக நீண்ட குறி 11 அலகு. அதற்கு 10 துடிப்புகள். துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியில் படலம் குளிர்கிறது.

பொருளைத் தேடிய கதை

அழிப்பதற்கு விரைவாகப் படிகமாக வேண்டும். ஆனால் பல்லாண்டுகள் அலமாரியில் கிடக்கும்போது சிறிதும் படிகமாகக் கூடாது. இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. சூடான நிலையில் நூறு நானோநொடிக்குள் நிகழவேண்டிய மாற்றம், அறை வெப்பநிலையில் சில பத்தாண்டுகளிலும் நிகழக்கூடாது. இம்முரணைத் தீர்க்கும் கலவையைக் கண்டறிய இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

தொடக்கம் அமெரிக்காவில். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாத இயந்திரத் தொழில்நுட்பரான இசுட்டான்ஃபோர்டு ஓவ்சின்சுகி (1922-2012), தம் மனைவி ஐரிசுடன் இணைந்து மிச்சிகனில் ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்திவந்தார். டெலூரியம் கலந்த கண்ணாடி போன்ற பொருள்கள் மின்னழுத்தத்தால் இரு நிலைகளுக்கிடையே மீண்டும் மீண்டும் மாறுகின்றன என்று 1968 நவம்பரில் வெளியான ஆய்வுக்கட்டுரையில் அவர் அறிவித்தார். ஒழுங்கற்ற பொருள்களால் மின்னணுவியலுக்குப் பயனில்லை என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம் அது. அவருடைய கூற்றை ஐயத்துடன் நோக்கியவர்கள் பலர். 1971இல் அவரும் அவருடைய நிறுவனத்தினரும் அதே மாற்றத்தைச் சீரொளியாலும் நிகழ்த்தலாம் என்று காட்டினர். மீளெழுது ஒளிவட்டின் விதை இதுவே.

ஆனால் அக்காலக் கலவைகள் படிகமாவதற்கு மைக்ரோநொடிக் கணக்கில் காலம் எடுத்துக்கொண்டன. சுழலும் வட்டில் அவ்வளவு நேரம் ஒரு புள்ளியில் ஒளியை நிறுத்த இயலாது. விரைவாகப் படிகமாகும் கலவைகளோ அறை வெப்பநிலையில் நிலைக்கவில்லை.

திருப்பம் 1980களில் சப்பானில் நிகழ்ந்தது. மட்சுசிட்டா நிறுவனத்தின் நொபொரு யமடாவும் குழுவினரும், செருமானியம் டெலூரைடையும் ஆண்டிமனி டெலூரைடையும் குறிப்பிட்ட விகிதங்களில் சேர்த்தால் நூறு நானோநொடிக்கும் குறைந்த காலத்தில் படிகமாகி, அதே நேரத்தில் அறை வெப்பநிலையில் உறுதியாகவும் நிற்கும் பொருள்கள் கிடைக்கின்றன என்று கண்டனர். செருமானியம், ஆண்டிமனி, டெலூரியம் ஆகியவை 2:2:5 என்ற அணு விகிதத்தில் அமைந்த கலவை அவற்றுள் புகழ்பெற்றது. சீரொளி உருவாக்கும் இதன் படிகம், சமையல் உப்பின் படிகத்தைப் போன்ற எளிய கனசதுர அமைப்புடையது. ஒரு தளத்தில் டெலூரியம் அமர, மற்றொரு தளத்தைச் செருமானியமும் ஆண்டிமனியும் பகிர்ந்துகொள்கின்றன. அத்தளத்தில் ஐந்தில் ஓர் இடம் வெறுமையாகவே கிடக்கிறது. அமைப்பு எளிதாகவும் இடம் தாராளமாகவும் இருப்பதால் அணுக்கள் தொலைவு நகராமலே அடுங்கிவிடுகின்றன. 1990இல் மட்சுசிட்டா முதல் மீளெழுது நிலைமாற்ற வட்டு இயக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

குறுவட்டுக்குப் பெரிதும் பயன்பட்டது வேறொரு கலவை. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெலூரியம் ஆகிய நான்கும் கலந்த இதில் ஆண்டிமனியே பாதிக்கு மேல். இதை வட்டுகளுக்கு ஏற்றதாக வளர்த்தது சப்பானின் ரிக்கோ நிறுவனம். இரு கலவைகளும் படிகமாகும் விதத்தில் வேறுபடுகின்றன. முதல் கலவையில் குறியின் உள்ளேயே எண்ணற்ற சிறு படிக விதைகள் தோன்றி வளர்கின்றன. இரண்டாவதில் குறியைச் சுற்றியுள்ள படிகம் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளர்ந்து குறியை விழுங்குகிறது. குறி சிறிதாகச் சிறிதாக அதை விழுங்க ஆகும் காலமும் குறைவதால், அடர்த்தியும் வேகமும் கூடிய பிற்கால வட்டுகளுக்கு இரண்டாவது வழி ஏற்றதாயிற்று.

வேக வகுப்புகளும் அவை தந்த குழப்பமும்

குறுவட்டு இயல்பான வேகத்தில் சுழலும்போது சீரொளியின் கீழ் அதன் பரப்பு நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரை நகர்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒளிப்புள்ளியின் கீழ் ஓர் இடம் தங்கும் நேரம் ஒரு மைக்ரோநொடிக்குச் சற்றுக் குறைவு. 4 மடங்கு வேகத்தில் இது 200 நானோநொடியாகும். 24 மடங்கு வேகத்தில் வெறும் 35 நானோநொடி. அந்நேரத்துக்குள் பழைய குறி படிகமாகி முடியவேண்டும்.

எனவே வேகத்தைக் கூட்ட இயக்கியை மட்டும் மேம்படுத்தினால் போதாது. வட்டின் பொருளையே மாற்றவேண்டும். அவ்வாறே 1 முதல் 4 மடங்கு வரையிலான இயல்பு வட்டுகளுக்குப் பின்னர் அதிவேக வட்டுகளும், 24 மடங்கு வரை செல்லும் மீவேக வட்டுகளும் வந்தன. விரைவில் படிகமாகும் பொருளை மெதுவாகச் சுழற்றி எழுதினால், எழுதிய குறி குளிர்வதற்குள் தானே படிகமாகிவிடும். ஆகையால் பழைய இயக்கிகள் புதிய அதிவேக வட்டுகளில் எழுத மறுத்தன. படிக்க மட்டும் செய்தன. வாங்கியவர்கள் வட்டைக் குறைகூறினர், சிலர் இயக்கியைக் குறைகூறினர். இரண்டிலும் பழுதில்லை.

இயக்கிகளின் முகப்பில் 52, 24, 52 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் சிடி-ஆரில் எழுதும் வேகம். மூன்றாவது படிக்கும் வேகம். நடுவில் உள்ளது மீளெழுதும் வேகம். அது பெரும்பாலும் மற்ற இரண்டையும்விடச் சிறியதாக இருப்பதன் காரணம் மேற்கூறிய படிகமாகும் காலமே.

படிப்பதில் சிக்கல்

அச்சிட்ட குறுவட்டு தன் மேல் விழும் ஒளியில் 70 விழுக்காட்டையேனும் திருப்பி அனுப்புகிறது. மீளெழுது வட்டின் படிகப் பரப்பு 15 முதல் 25 விழுக்காடு வரையே திருப்புகிறது. 70 விழுக்காட்டை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்ட பழைய இசை இயக்கிகளுக்கு இவ்வட்டு இருப்பதே தெரிவதில்லை. 1997இல் வகுக்கப்பட்ட பல்வகை வட்டுப் படிப்பு வரையறைக்கு இணங்கிய இயக்கிகள், வரும் குறிகையின் அளவுக்கேற்ப மிகைப்பியின் வலுவைத் தாமே கூட்டிக்கொண்டு இச்சிக்கலைத் தவிர்த்தன.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. தொடக்ககால டிவிடி இயக்கிகள் சிலவற்றில் 650 நானோமீட்டர் சீரொளி மட்டுமே இருந்தது. சிடி-ஆர் வட்டின் சாயம் அந்த அலைநீளத்தை உறிஞ்சிவிடும். நிலைமாற்றப் படலத்துக்கு அத்தகைய ஒவ்வாமை இல்லை. ஆகவே அவ்வியக்கிகள் மீளெழுது வட்டைப் படித்தன, சிடி-ஆரைப் படிக்கவில்லை.

மென்பொருள் நோக்கில்

அழித்தல் என்ற சொல்லை மென்பொருள்கள் இரு பொருளில் பயன்படுத்துகின்றன. முழு அழிப்பு, வட்டின் பரப்பு முழுவதையும் படிகமாக்குகிறது. 74 நிமிட வட்டுக்கு 4 மடங்கு வேகத்தில் 18 நிமிடத்துக்கு மேலாகும். விரைவு அழிப்போ, வட்டின் உள்ளடக்கப் பட்டியல் அமைந்த பகுதியை மட்டும் அழிக்கிறது. கோப்புகள் கண்ணில் படமாட்டா. ஆனால் குறிகள் அனைத்தும் படலத்தில் அப்படியே உள்ளன. தனிப்பட்ட ஆவணங்கள் இருந்த வட்டைப் பிறருக்குக் கொடுப்பவர் விரைவு அழிப்பை நம்பலாகாது.

வட்டை நெகிழ்வட்டு போலப் பயன்படுத்தவேண்டும், கோப்பை இழுத்துப் போட்டுச் சேமிக்கவேண்டும் என்ற விருப்பத்தால் பொதி எழுதுமுறை உருவானது. இதில் தரவு 64 கிலோபைட்டுப் பொதிகளாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு பொதியிலும் 32 தரவுக் கட்டங்களுடன் 7 இணைப்புக் கட்டங்கள் சேர்கின்றன. 39இல் 32 மட்டுமே பயன் என்பதால் 650 மெகாபைட்டு வட்டு ஏறத்தாழ 530 மெகாபைட்டாகச் சுருங்குகிறது. வட்டை வடிவூட்டியபின் கொள்ளளவு எங்கே போயிற்று என்று வியப்போருக்கு விடை இதுவே. ஓர் எழுத்தை மட்டும் திருத்தினாலும் முழுப் பொதியையும் படித்து, நினைவகத்தில் மாற்றி, திரும்ப எழுதவேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தேய்மானம். 1000 முறை என்பது வட்டு முழுவதற்குமான கணக்கன்று; ஒவ்வோர் இடத்துக்குமானது. கோப்புகள் ஆங்காங்கே எழுதப்பட்டாலும், கோப்பு முறைமையின் அட்டவணை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படும். அவ்விடம் முதலில் பழுதானால் நல்ல நிலையிலுள்ள கோப்புகளுக்கும் வழி தெரியாமல் போய்விடும். இதற்காகவே உலகப் பொது வட்டு வடிவத்தின் 1.50 பதிப்பில் பழுதான பொதிகளுக்கு மாற்றிடம் ஒதுக்கும் அட்டவணை சேர்க்கப்பட்டது. எனினும் பொதி எழுதுமுறையில் அமைந்த வட்டை ஒரே பிரதியாக நம்புவது அறிவுடைமை ஆகாது. வட்டை வெளியே எடுக்கும் முன் மின்சாரம் நின்றால் அட்டவணை அரைகுறையாக நிற்கும்.

ஆயுள்

நிலைமாற்றப் பொருள் படிகமாகும்போது சில விழுக்காடு சுருங்குகிறது, உருகும்போது விரிகிறது. ஆயிரம் முறை இவ்வாறு நிகழும்போது பொருள் மெல்ல மெல்ல இடம்பெயர்கிறது; காப்புப் படலங்களும் களைக்கின்றன. இறுதியில் குறிக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கிப் படிப்பில் பிழைகள் பெருகும்.

எழுதாமல் வைத்திருந்தாலும் படிகமற்ற குறி என்றென்றும் நிலைப்பதன்று. அது இயற்கையாகவே படிகத்தை நோக்கிச் செல்ல விழைவது. வெப்பம் மிகுந்தால் அப்போக்கு விரைவுபடும். கனடாவின் பண்பாட்டுப் பொருள் காப்பு நிறுவனம் மீளெழுது குறுவட்டின் ஆயுளை 20 முதல் 50 ஆண்டுகள் என மதிப்பிட்டுள்ளது. பொன் படலமும் தாலோசயனின் சாயமும் கொண்ட சிடி-ஆருக்கு அந்நிறுவனம் தரும் மதிப்பீடு 100 ஆண்டுகளுக்கு மேல். குடும்ப ஒளிப்படங்களை 2000களில் மீளெழுது வட்டுகளில் சேமித்தவர்களுக்கு அவற்றின் கீழ்வரம்பு நெருங்கிவிட்டது. படிக்கும் இயக்கிகளும் மடிக்கணினிகளிலிருந்து மறைந்துவிட்டதால், அவற்றை வேறு ஊடகத்துக்குப் படியெடுப்பதைத் தள்ளிப்போடாதிருத்தல் நலம்.

பிற வடிவங்கள்

வெப்பத்தால் மீளெழுதும் வழி நிலைமாற்றம் ஒன்றே அன்று. சோனி 1992இல் வெளியிட்ட மினிடிஸ்க்கின் பதிவு வட்டில் சீரொளி படலத்தைச் சூடாக்க, அருகிலுள்ள காந்தத் தலை காந்தத் திசையை மாற்றுகிறது. ஆயினும் அதற்குக் காந்தமும், ஒளியின் முனைவாக்கத்தை அளக்கும் தனிக் கருவியும் தேவை. நிலைமாற்ற வட்டுக்கு அவை தேவையில்லை; சாதாரணக் குறுவட்டுத் தலையே ஏறத்தாழப் போதும். மலிவான கணினிகளில் இடம்பிடித்ததற்கு இதுவே காரணம்.

அதே நிலைமாற்ற முறை 1998இல் டிவிடி-ராம் இயக்கிகளிலும், 1999இல் டிவிடி-ஆர்டபிள்யூவிலும், 2001இல் டிவிடி+ஆர்டபிள்யூவிலும் தொடர்ந்தது. இவற்றுள் டிவிடி-ராம் ஒரு லட்சம் முறை எழுதத்தக்கதாக வடிவமைக்கப்பட்டது. பழுதான இடங்களை இயக்கியே கவனித்துக்கொண்டது. தொழில்நுட்ப நோக்கில் சிறந்த அது, சாதாரண டிவிடி இயக்கிகள் பலவற்றில் படிக்க இயலாத காரணத்தால் பரவலாகவில்லை. 2003இல் சப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் முதல் புளூ-ரே பதிவுக்கருவியும் நிலைமாற்ற வட்டையே பயன்படுத்தியது. அதன் கொள்ளளவு 23 கிகாபைட்டு.

விரல் அளவிலான நினைவகக் குச்சிகளின் விலை வீழ்ந்ததும் மீளெழுது குறுவட்டின் தேவை மங்கியது. பதிவு செய்யத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆனால் பொருள் மறையவில்லை. சீரொளிக்கு மாற்றாக மின்துடிப்பால் அதே வகைக் கலவையைச் சூடாக்கி, எதிரொளிப்புக்கு மாற்றாக மின்தடையை அளந்து தரவைப் படிக்கும் நிலைமாற்ற நினைவகங்கள் வாகனங்களுக்கான நுண்கட்டுப்படுத்திகளில் இடம்பெற்றுள்ளன. ஓவ்சின்சுகி 1968இல் விவரித்ததும் மின்சாரத்தால் நிகழும் மாற்றமே.